சரிவில் நிற்கும் லாரி

கார்த்திகை 18, செவ்வாய்

தூறல். துணி ஒன்றும் காயவில்லை. கலாவின் பள்ளிக்கூடப் பாவாடையை அடுப்புக்கு மேல் கயிறு கட்டிப் போட்டிருக்கிறேன். நாளை புகை நாற்றத்தோடுதான் போவாள்.

லாரி இன்றும் கிளம்பவில்லை.

டிரைவர் தேவசகாயம் வழக்கம்போல சைக்கிளில் வந்தான், ஏறினான், செல்ஃபை அழுத்தினான். 'டிக்'. அவ்வளவுதான். அந்த டிக்கை இப்போதெல்லாம் அடுப்படியிலிருந்தே கேட்டுவிடுகிறேன். பழைய பேட்டரி செத்துவிட்டது என்றுதான் தீபாவளிக்கு யாருக்கும் துணி எடுக்காமல் புதுசு போட்டோம். புதுசுக்கும் அதே வியாதி. பகலெல்லாம் ஓடிவிட்டு வரும்போது நன்றாக இருக்கிறது. விடிந்தால் பிணம்.

பழைய பேட்டரி படுத்தியபோதே, ஐப்பசி தொடக்கத்திலிருந்து ஏரிக்கரைச் சரிவில் நிறுத்துகிறோம். வீட்டை ஒட்டியே கரை. மூக்கு தெருவைப் பார்த்து, முதுகு கரைமேட்டுப் பனைமரங்களைப் பார்த்து. ஹேண்ட் பிரேக் பிடிக்காது. சீட்டுக்கும் பிரேக் மிதிக்கும் நடுவில் ஒரு கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டு தேவசகாயம் வீட்டுக்குப் போவான். காலையில் ஒற்றை ஆளாக ஏறி, கட்டையை உருவினால் வண்டி தானாக உருளும், கியரைப் போட்டால் உறுமிக்கொண்டு கிளம்பும். நல்ல யோசனைதான். மழையில் களிமண் வழுக்கினால் அதுவும் பலிக்காது. டீக்கடையிலிருந்து ஆள் கூப்பிட வேண்டும். இன்று அப்படி.

"வாங்கப்பா, தேர் இழுக்கலாம்!"

"சாமி எங்கடா?"

"மேல ஸ்டீரிங் புட்சிகினு ஒக்காந்துகினு கீறாரே, தெர்ல?"

சிரிப்பு. எனக்கு வாசலில் நிற்கவே கூசியது. பத்து பேருக்கு டீ என் கணக்கில்.

கார்த்திகை 19, புதன்

மழை விட்டது. ஏரி முக்கால் நிறைந்துவிட்டதாம். எருமைக்குக் காலில் புண், வேப்பெண்ணெய் தடவினேன்.

லாரி உருண்டு கிளம்பியது. மில்லிலிருந்து அரிசி மூட்டை ஏற்றிக் காஞ்சிபுரத்தில் இறக்கவேண்டும். தேவசகாயம் இஞ்சினை அணைப்பதே இல்லையாம். மூட்டை ஏற்றும்போதும் ஓடிக்கொண்டே இருக்கும், இறக்கும்போதும், அவன் சாப்பிடும்போதும். அணைத்தால் திரும்பக் கிளம்பாதே என்ற பயம். மில்லில் கத்துகிறார்களாம், "யோவ், நிறுத்துய்யா, காது பூடும்." இவன் காது கேட்காதது மாதிரி உட்கார்ந்திருக்கிறான்.

வியாதி இன்னதென்று இதுவரை ஊர் சொன்னது:

பேட்டரிக்கடை கரீம் பாய் (உத்திரமேரூர்) – டைனமோ. பிரஷ் மாற்றியாயிற்று.
அதே பாய், இரண்டாம் தடவை – டைனமோவுக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருக்கும் கட்அவுட். மாற்றியாயிற்று.
டீக்கடை – ஹாரன் வயர். பிடுங்கியாயிற்று. இப்போது ஹாரன் கிடையாது, மாட்டு வண்டி குறுக்கே வந்தால் தேவசகாயம் கதவில் கையால் தட்டுகிறான்.
மில் மேஸ்திரி – கண்ணேறு. பூசணிக்காய் உடைத்து எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்குகிறது.
கலா (ஒன்பதாவது, விஞ்ஞானத்தில் முதல் மார்க்) – "எங்கியோ ஒரு சுத்து மூடியிருக்குதும்மா. மூடாம கரண்டு ஓடாது." எங்கே என்றால் தெரியாது.
நான் – எனக்கென்ன தெரியும்.

கார்த்திகை 20, வியாழன்

கொழுந்தனார் வந்தார். இனி கொ. என்றே எழுதுவேன், முழுசாக எழுத மை வீண். உ.மேரூரில் உரக்கடை. நான் முக்காலியில் உட்காரச் சொல்லியும் ஈஸிசேரை இழுத்துப் போட்டுக்கொண்டார். அது என் வீட்டுக்காரர் உட்காருகிற நாற்காலி. கொ.வுக்கு அதெல்லாம் கிடையாது.

"அண்ணி, இதுல ஒரு மர்மமும் இல்ல. புது பேட்டரிய வித்துட்டு எவனோ தூக்கிப்போட்ட பழச மாட்டிகினு வந்துட்டான் உங்க டிரைவரு. நீங்க பாவம்னு காபி போட்டுக் குடுத்துகினு கீறீங்க."

தேவசகாயம் அப்படிச் செய்ய மாட்டான் என்றேன்.

"அண்ணனும் இப்படித்தான். எவன நம்பணும்னே தெரியாது."

செத்தவரை இழுக்காமல் கொ.வுக்கு ஒரு பேச்சு முடியாது.

அப்புறம்தான் வந்த விஷயம். வந்தவாசியில் ஒருத்தர் லாரி கேட்கிறாராம். கார்த்திகைக்குள் முடித்துவிடலாமாம். மார்கழி பிறந்தால் நல்லது கெட்டது எதுவும் கைமாறாது, தை வரைக்கும் இந்தச் சனியனை யார் தள்ளுவது என்றார். ஆர்.சி. புத்தகம் கொ. பேரில். என் வீட்டுக்காரர் இவர் போனபோது, "ஆம்பள பேர்ல இருக்கட்டும் அண்ணி, ஆபீசு ஆபீசா நீங்க அலைய முடியுமா" என்று மாற்றிக்கொண்டார். அன்றைக்கு எனக்கு அழத்தான் தெரிந்தது. கையெழுத்துப் போட்டேன்.

லாரி ஓடுகிறவரை நானும் கலாவும் எங்கள் வீட்டில், எங்கள் உலையில். லாரி போனால் கொ. வீடு. "ஒரே வூடு, ஒரே அடுப்பு, இன்னா அண்ணி கொறச்சல்?" என்று போன பொங்கலுக்கே சொல்லியிருக்கிறார். அந்த அடுப்பை யார் ஊதுவது என்று சொல்லவில்லை. கலாவைப் பத்தாவது படிக்கவிடமாட்டார்கள். அதையும் சொல்லவில்லை, ஆனால் அவர் பெண்களை எட்டோடு நிறுத்தியதைப் பார்த்தவள்தானே நான்.

அவர் போனபிறகு ஒரு காரியம் செய்தேன். லாரி வந்து நின்றதும், தேவசகாயம் போனதும், பேட்டரிப் பெட்டியைத் திறந்து அதன் பக்கவாட்டில் ஆணியால் ஒரு கோடு கிழித்தேன். நம்புகிறவள்தான். இருந்தாலும் கிழித்தேன்.

கார்த்திகை 21, வெள்ளி

பனி. லாரி சாகவில்லை என்று நினைத்தேன், டிக் கேட்டது.

கோடு இருக்கிறது. அதே பேட்டரிதான். எனக்கு ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் வெட்கம். அவனுக்கென்று சன்னல் கம்பியில் கவிழ்த்துவைத்திருக்கும் கிளாஸை எடுக்காமல் வீட்டு டம்ளரில் காபி கொடுத்தேன். வாங்கக் கொஞ்சம் தயங்கினான். குடித்துவிட்டு, தொட்டியில் கழுவி, வாசற்படியில் கவிழ்த்துவைத்துவிட்டுப் போனான். கலா பார்த்துக்கொண்டே இருந்தாள்.  கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ.

வெள்ளிக்கிழமை என்று லாரிக்கு மஞ்சள் குங்குமம் வைத்தேன். கற்பூரம் காற்றில் மூன்று தடவை அணைந்தது. அணையட்டும் போ என்று விட்டுவிட்டேன்.

புளி தீர்ந்துவிட்டது.

கார்த்திகை 22, சனி

கரீம் பாய் வீட்டுக்கே வந்தார். கூடவே கொ., கையில் ஒரு பூட்டு.

பாய்க்குக் கீழே படுத்துப் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று தேவசகாயம் கட்டையை உருவி லாரியை வாசலில் சமதளத்துக்கு இறக்கிவைத்திருந்தான். பாய் சட்டையைக் கழற்றி மடித்து என்னிடம் கொடுத்தார். விளக்கு, வைப்பர் எல்லாம் அணைத்திருக்கிறதா என்று பார்த்தார். பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றி, வயரை அதன்மேல் தட்டித் தட்டிக் காட்டினார்.

"எங்கனா லீக்கேஜ் இருந்தா இங்க பொறி பறக்கணும்மா. பாருங்க. பறக்குதா?"

பறக்கவில்லை.

"ஒரு எடத்துலயும் கரண்டு போவல. வண்டி சுத்தமா கீது. டைனமோ நல்லா சார்ஜ் ஏத்துது. என்னாண்ட வந்தா நல்லா கீது, உங்காண்ட நின்னா செத்துப் பூடுது. நான் இன்னா பண்ணட்டும்?"

நல்ல மனிதர். நெற்றியில் கிரீஸோடு நின்று சொல்லும்போது எனக்குத்தான் பாவமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் இவருக்கும் இப்படித்தான் சொன்னார்கள். கண்ணெல்லாம் மஞ்சளாகப் படுத்திருந்தவரைக் காட்டி, எல்லாம் பார்த்தாகிவிட்டது, இனி பயமில்லை என்றார்கள்.

பாய் ஒரு வழி சொன்னார். சாயங்காலம் நிறுத்தியதும் பேட்டரி முனையைக் கழற்றிவிடுங்கள், காலையில் மாட்டுங்கள், இறங்காது. இவ்வளவு சுலபமா என்று நான் வாயைத் திறப்பதற்குள் கொ. பெட்டிக்குப் பூட்டைப் போட்டுவிட்டார்.

"தெனம் ரெண்டு வேள டிரைவர் கைய வெக்கறதா? நல்ல கதையா கீதே. சாவி என்னாண்டதான் இருக்கும்."

கோடு கிழித்ததைச் சொன்னேன். மாறவில்லை, அதே பேட்டரிதான் என்றேன்.

"கோடு எவன் வேணா கிழிப்பான்."

தேவசகாயம் கேட்டுக்கொண்டு நின்றான். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறி மறுபடி கட்டிக்கொண்டான். கொ.வை நறுக்கென்று நான்கு வார்த்தை கேட்க எனக்கு நாக்கு வரை வந்தது. கேட்கவில்லை. இவர் இல்லாத வீட்டில் என் குரல் ஏறவே மாட்டேன் என்கிறது.

சாவியைப் பையில் போட்டுக்கொண்டு உ.மேரூர் போய்விட்டார். லாரி பழையபடி சரிவுக்கு.

கார்த்திகை 23, ஞாயிறு

இன்று தீபம். பொரி உருண்டை பாகு முற்றிப் பல்லை உடைக்கிறது.

தேவசகாயத்துக்கு ஞாயிறு கோயில், வண்டி கிடையாது. கலா அகல்களை வாசலில், மாடத்தில், கிணற்றுக் கல்லில் எல்லாம் வைத்துவிட்டு லாரியின் முன் பம்பரிலும் இரண்டு வைத்தாள். "அப்பா வண்டிக்கு" என்றாள். முன்பக்கம் பார்க்க அழகாக இருந்தது. பின்பக்கம் தார்ப்பாய் தரைவரை தொங்குகிறது. மழைக்கு மூட்டை நனையாமலிருக்கக் கட்டியது, அவிழ்ப்பதே இல்லை.

இவர் இருந்திருந்தால் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்திருப்பார். கண்டுபிடித்திருப்பாரோ என்னவோ. ஆனால் படுத்திருப்பார். "சரோஜா, அந்த ஸ்பானர எடு" என்று காலை மட்டும் ஆட்டுவார். எந்த ஸ்பானர் என்று சொல்லமாட்டார். நான் தவறானதைக் கொடுத்தால், பரவாயில்லை இதிலேயே பார்க்கிறேன் என்பார். எனக்கு அந்தக் கால்கள் வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம்.

கார்த்திகை 24, திங்கள்

பேய் மழை. சாலவாக்கம் ரோட்டில் கரண்ட் கம்பம் விழுந்துவிட்டதாம், உ.மேரூர் வரை இருட்டு. பள்ளிக்கூடம் லீவு.

லாரியைத் தள்ள ஆள் வரவில்லை. இந்த மழையில் யார் வருவார்கள். மில்காரர் ஆள் அனுப்பினார், வரமுடியுமா முடியாதா என்று. "நாளைக்குக் கண்டிப்பா" என்று சொல்லியனுப்பினேன். எந்த தைரியத்தில் சொன்னேனோ.

கூரை ஓட்டில் ஒழுகல். மூன்று பாத்திரம். கலா ஒவ்வொரு பாத்திரத்தின் சத்தத்துக்கும் ஒரு டீச்சர் பேர் வைத்திருக்கிறாள்.

கார்த்திகை 25, செவ்வாய்

மழை குறைந்தது. கரண்ட் இன்னும் வரவில்லை.

பத்துப் பேர் தள்ளி லாரி கிளம்பியது. போன சுருக்கில் ஒரு நடை முடித்துவிட்டு மதியமே வந்துவிட்டது. வந்து நிற்கவும் கொ. வந்தவாசிக்காரரைக் கூட்டிக்கொண்டு வரவும் சரியாக இருந்தது. வெள்ளை வேட்டி, குடை, தடித்த ஆள். டயரை உதைத்தார். பானெட்டைத் திறந்து பார்த்தார். மாடு பிடிக்க வந்தவர் பல்லைப் பார்ப்பதுபோல. இரண்டு பேரும் பனைமரத்துப் பக்கம் போய் நின்று தாழ்ந்த குரலில் பேசினார்கள். நான் சன்னல் வழியாகப் பார்த்தேன். மழைத்தூறலில் ஒன்றும் காதில் விழவில்லை. என்னிடம் யார் வந்து சொல்லப்போகிறார்கள்.

அவர் போனதும் கொ.வைக் கேட்டேன், என்ன சொன்னார்?

"வியாழக்கிழம காலைல வரேன்னாரு. அன்னிக்கு முடிச்சாதான். வெள்ளி லட்சுமிய வூட்ட வுட்டு அனுப்பக் கூடாது, சனி அவரு இரும்பு வாங்க மாட்டாரு, ஞாயிறு மார்கழி பொறந்துடும்."

வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் முகம் சரியில்லை. கரண்ட் எப்போது வரும் என்று இரண்டு தடவை கேட்டார். பாய் கடையில் சார்ஜ் போட முடியாதா, வேறு எங்கேயாவது முடியாதா என்று தேவசகாயத்தைக் கேட்டார். காஞ்சிபுரத்திலும் கம்பம் விழுந்து கிடக்கிறது என்றான். "சே, பேஜாரு" என்று காலைத் தரையில் உதைத்தார். விற்கப்போகிற வண்டிமேல் கொ.வுக்கு என்ன திடீர் அக்கறை?

நான் மனதில் கணக்குப் போட்டுக்கொண்டேன். வியாழன் ஒன்று தாண்டினால் போதும். தை வரை லாரியை யாரும் தொடமாட்டார்கள். அதற்குள் வியாதி தெரிந்துவிட்டால் கொ.வுக்கு விற்கச் சொல்ல வாய் இருக்காது. சாமி, வியாழக்கிழமை ரோடு முழுக்க வெள்ளம் வரட்டும்.

அப்படி வேண்டிக்கொண்டதும் கூரை ஒழுகுகிற குடிசைகள் ஞாபகம் வந்தது. தேவசகாயம் வீடு உட்பட. வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

கார்த்திகை 26, புதன்



விடிவதற்கு முன்னால் ஏரிக்கரைப் பக்கம் போனேன். வழக்கமாகப் போகும் ஓடைப் பக்கம் முழங்கால் சேறு, அதனால் லாரிக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு போனேன். பனைமரத்தடியில் சிவப்பாக மங்கலாக ஏதோ. ஈர மரத்தில் வெளிச்சம். கொள்ளிவாய்ப் பிசாசு என்றுதான் முதலில் நினைத்தேன், இந்த ஏரியில் அது உண்டு என்று இங்கே எல்லாரும் சொல்வார்கள்.  சொம்பு கையிலிருந்து விழுந்துவிட்டது.

காற்றில் தார்ப்பாயின் ஒரு முனை அவிழ்ந்து மேலே மடிந்துகிடந்தது. அதற்குள்ளிருந்துதான் சிவப்பு. லாரியின் பின் விளக்கு. பிரேக் விளக்கு. சாகப்போகிற தணல்போல எரிந்துகொண்டிருக்கிறது.

பிரேக் யார் மிதிக்கிறார்கள்? உள்ளே யாரும் இல்லை.

முன்னால் ஓடிக் கதவைத் திறந்தேன். கட்டை மிதிக்கிறது.

தேவசகாயம் வரும்வரை தொடவில்லை, உருவினால் வண்டி வீட்டுக்குள் வந்துவிடும். வந்ததும் சக்கரத்துக்கு முன்னால் கல் போடச் சொன்னேன். நான் பின்னால் நின்றேன்.

"எடு."

சிவப்பு போய்விட்டது.

"வை."

மறுபடி வந்தது, மங்கலாக.

"எடு! வை! எடு!"

"இன்னாமா பண்றீங்க, பைத்தியம் கியித்தியம் புட்சிகிச்சா?" என்று இறங்கி வந்தான். திரும்பப் போய் கட்டையை வைக்கச் சொல்லி அவனைப் பின்னால் நிறுத்தி, நான் ஏறி எடுத்துக் காட்டினேன்.  தலையில் கையை வைத்துக்கொண்டு சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"நாந்தானேமா வெச்சேன். தெனம் நாந்தானே வெச்சேன். பேட்டரி எறங்குதுன்னு மேட்டுல நிறுத்தி, மேட்டுல நிக்கணும்னு கட்டைய வெச்சி, கட்டையாலயே எறங்கிகினு கீது பாரேன்."

பழைய பேட்டரி உண்மையிலேயே கெட்டுப்போய்த்தான் இருந்தது. புதுசு போட்ட அன்றே வியாதி தீர்ந்துவிட்டது. நாங்கள்தான் வியாதிக்குச் செய்த வைத்தியத்தை விடாமல் செய்துகொண்டிருந்தோம். காலையில் கிளப்ப ஏறும்போதே அவன் கட்டையை உருவிவிடுவான், விளக்கும் போய்விடும். பாய் பார்க்க வந்தாலும் உருவிவிட்டு சமதளத்துக்கு வந்துவிடும். பகலிலாவது ஒரு தடவை அணைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பயத்தில் அணைக்கவே இல்லை. பின்னால் தார்ப்பாய். இருட்டினால் கரைமேட்டுக்கு யாரும் போவதில்லை. எங்கள் புத்தி எங்களுக்கே குழி தோண்டியிருக்கிறது.

சிரித்தேன். எத்தனை நாளாயிற்று இப்படிச் சிரித்து. கலா ஓடிவந்து, "நான் சொன்னேன்ல, எங்கியோ ஒரு சுத்து மூடியிருக்குதுன்னு!" என்று குதித்தாள். தேவசகாயமும் சிரித்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

தள்ளித்தான் கிளப்பினார்கள். ஆனால் சாயங்காலம் வந்தபோது அவன் இறங்குவதற்குள் கத்தினான். மில்லில் அணைத்தானாம், கிளம்பியதாம். காஞ்சிபுரத்தில் அணைத்தானாம், கிளம்பியதாம். நாஷ்டா சாப்பிட அணைத்தானாம், அதற்கும் கிளம்பியதாம்! சும்மா சும்மா அணைத்துக் கிளப்பிப் பார்த்திருக்கிறான் போல.

கரைக்குப் போகவேண்டாம், வாசலிலேயே நிறுத்து என்றேன். சமதளம். கட்டை கிடையாது.

கொ.வுக்கு ஆள் அனுப்பிச் சொல்லவா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். நாளை அவர் கண்ணெதிரே, அந்தத் தடித்த ஆள் கண்ணெதிரே ஒரே தட்டில் கிளம்பட்டும். அப்போது பேசிக்கொள்கிறேன். பேச்சில் ஜெயிக்க முடியாதவள், செய்து காட்டிவிட்டுத்தான் பேசவேண்டும். திருடன் என்ற பேரும் இவனுக்குப் போகட்டும்.

தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டேன்.

கார்த்திகை 27, வியாழன்

பளிச்சென்று வெயில். இத்தனை நாள் எங்கே போயிருந்ததோ.

இரண்டு பேரும் சொன்னபடி வந்தார்கள். கொ.வின் முகம் காலையிலேயே வாடியிருந்தது. பெட்டிப் பூட்டைத் திறந்து பேட்டரியை ஒரு தடவை பார்த்து, மூடி, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "டிரைவர், ஏறு, பாப்போம்" என்றார். குரலே எழும்பவில்லை.

தேவசகாயம் என்னைப் பார்த்தான். தலையாட்டினேன்.

ஒரே தட்டு. இஞ்சின் பிடித்துக்கொண்டது. வாசல் அதிர்ந்தது, கோழிகள் ஓடின. அவன் அணைத்தான், மறுபடி தட்டினான், மறுபடி பிடித்தது. மூன்றாம் தடவையும். என்னைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். நானும்.

கொ.வின் வாய் திறந்தது திறந்தபடி. வந்தவாசிக்காரர் குடையை மடக்கினார்.

நான் முன்னால் வந்து, எப்போதும் வராத தைரியத்தோடு, எல்லாவற்றையும் சொன்னேன். கட்டை, பிரேக் விளக்கு, தார்ப்பாய். தேவசகாயம் எதையும் எடுக்கவில்லை. வண்டிக்கு ஒரு வியாதியும் இல்லை. "சரியாயிடுச்சே, இனிமே எதுக்கு விக்கணும்?" என்றேன்.

கொ. என்னை ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இன்னா அண்ணி பேசறீங்க? சரியா இருக்கசொல்லதான் விக்கணும். கெட்டுப்போனத எவன் வாங்குவான்?"

வந்தவாசிக்காரர் பையிலிருந்து வெற்றிலை பாக்கை எடுத்துவிட்டார். தட்டு வேண்டுமென்றார்கள். என் வீட்டுத் தட்டு. கலாதான் கொண்டுவந்து கொடுத்தாள், அவளுக்கு என்னவென்று புரியவில்லை, யாரோ தட்டு கேட்டார்கள், கொடுத்தாள். நான் வேண்டாம் வேண்டாம் என்று சொன்னேன். சொன்னேனா, நினைத்தேனா, இப்போது நிச்சயமாகத் தெரியவில்லை. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஓட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வா என்று தேவசகாயத்தையே அனுப்பினார்கள். அவன் சிரிப்பு எங்கே போயிற்றென்று தெரியவில்லை. பக்கத்தில் வந்தவாசிக்காரர் ஏறி உட்கார்ந்தார், இவர் உட்காருகிற பக்கம்.

ஹாரன் இல்லை. ஊர் எல்லையில் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

கார்த்திகை 28, வெள்ளி

வெயில். எல்லாத் துணியும் காய்ந்துவிட்டது.

கட்டை வாசலில் கிடந்தது. அடுப்பில் வைத்தேன். ஈரம், புகைந்தது.

கொ. சொல்லியனுப்பியிருக்கிறார், தை பிறந்ததும் வந்துவிடுங்கள், பின்கட்டு அறையை ஒழித்துவைக்கிறேன் என்று. எருமையையும் ஓட்டிக்கொண்டு வரவேண்டுமாம். கலா, "அங்கிருந்து பள்ளிக்கூடம் பக்கம்தானேம்மா?" என்று கேட்டாள். பக்கம்தான் என்றேன்.

மில்காரருக்குச் சொல்லியனுப்ப வேண்டும். இன்று முடியவில்லை.

கார்த்திகை 29, சனி

பனி விழுகிறது.

தேவசகாயம் வந்தான். வந்தவாசியில் ஒரு நாள் தங்கி, புது டிரைவருக்கு வண்டியைக் காட்டிக்கொடுத்துவிட்டு பஸ்ஸில் வந்திருக்கிறான். வாசலில் நின்றான். வீட்டு டம்ளரில் காபி கொடுத்தேன். இந்தத் தடவை தயங்கவில்லை. குடிக்கவும் இல்லை, கையிலேயே வைத்திருந்தான்.

"போவசொல்ல அந்தாளு வழியெல்லாம் பேசிகினே வந்தாருமா" என்றான்.

என்ன பேசினார்?

"ஊர்ல அல்லாரும் இத்த தள்ளித்தான் கெளப்பணும்னு சொன்னாங்களாம். செவ்வாக்கெழம உங்க கொழுந்தனாரு சின்னவருகிட்ட கண்டிஷனா சொல்லியிருக்காரு. வியாழக்கெழம காலைல செல்ஃப்ல கெளம்புனா எடுத்துக்கறேன், கெளம்பலன்னா எனுக்கு வண்டி வோணாம், மார்கழி கழிச்சி வேற எடத்துல பாத்துக்கறேன்னு. கெளம்பும்னு அவருக்கும் நம்பிக்க இல்லியாம், சின்னவருக்கும் இல்லியாம். சும்மா சொன்ன சொல்லுக்கு வந்தாராம்."

டம்ளரைப் படியில் வைத்தான்.

"கட்டைய அன்னிக்கு ஒரு ராத்திரி மட்டும் வெச்சிருந்தா போதும்மா" என்றான். சொல்லிவிட்டு அழுதான்.

காபி ஆறிவிட்டது, வேறு போட்டுத் தருகிறேன் என்று உள்ளே வந்தேன். பால் இல்லை.

நாளை மார்கழி. ஒரு மாதம் யாரும் எதையும் வாங்கவும் மாட்டார்கள், விற்கவும் மாட்டார்கள்.